நம்ம ஊர்க் குறி போட்ட உத்திரம்

என் நைனாவுக்கு,

இல்லை, பள்ளிக்கூடத்தை இடிக்கவில்லை. முதலில் இடிக்கப்போகிறார்கள் என்றுதான் பேச்சு. கடைசியில் கூரையை மட்டும் பிரித்து மறுபடி போட்டார்கள். வெள்ளையடித்தாகிவிட்டது. தை மாதம் விழா. மந்திரி வருகிறாராம். பந்தல்காரர் நேற்று வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்.

உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இனிமேல் படிக்கப்போவதில்லை. அதனால் மற்றவர்கள் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன்னிடம் கத்த வேண்டியிருக்கிறது. அதைப் பத்துப் பேர் கேட்டால் நல்லது.

கோபமாக இருக்கிறேன். உன் மேல் எவ்வளவு, அவர்கள் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் பிரியுமா?

*

வேலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தை நீ ஒரே ஒரு தடவை பார்த்தாய். பார்த்தாய் என்றுகூடச் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு வந்தாய், குனிந்தபடியே போனாய். தரையில் பதித்த கடப்பைக் கல் உனக்கு ஞாபகமிருக்கலாம். மேலே இருந்ததை நான் சொல்கிறேன்.

தெருவைப் பார்த்து ஏழு வளைவுகள். நடு வளைவு மட்டும் உயரம். யானை நுழையலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். செங்கல் சுவர். ஜன்னலில் கையை நீட்டினால் முழங்கை வரை சுவருக்குள்ளேயே இருக்கும், அவ்வளவு தடிமன். வளைவுகளுக்குப் பின்னால் நீளத் தாழ்வாரம். வெயில் அதைத் தாண்டி வகுப்புக்குள் வராது. சித்திரையிலும் உள்ளே குளிர்ச்சிதான்.

கட்டடத்தை ஒரே மூச்சில் கட்டவில்லை. அதை நான்தான் கண்டுபிடித்தேன். வரலாறு எம்.ஏ. படித்ததில் எனக்குக் கிடைத்தது இது ஒன்று: சுவரைப் பார்த்தால் எது முதலில், எது பிறகு என்று தெரியும். நடுப்பகுதியின் செங்கல் மெலிசு, அகலம். கிழக்குப் பக்கத்தில் செங்கல் கனமாகிவிடுகிறது, சூளை மாறியிருக்கிறது. மேற்குப் பக்கம் கடைசியாக எழுந்தது. அங்கே உத்திரத்துக்குப் பதில் பழைய ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அதற்குள் பெரிய மரம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். காடு தீர்ந்த இடத்தில் இரும்பு தொடங்குகிறது.

நடுவில் பெரிய ஹால். மூன்று ஆள் உயரம். மேல்சுவரில் வட்ட ஜன்னல்கள், சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. காலைப் பிரார்த்தனையின்போது அந்த நிறங்கள் பிள்ளைகளின் தலைமேல் விழுந்து மெல்ல நகரும். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இருபத்துநாலு உத்திரங்கள். உத்திரத்தின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் சிறு செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, அதன் மேல் சுண்ணாம்புத் தளம். மேஸ்திரி இதை மெட்ராஸ் டெரஸ் என்கிறார். சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்திருக்கிறார்களாம். கடுக்காய் எங்கே விளைகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

வாசல் சுவரில் பளிங்குப் பலகை. நிலம் கொடுத்தவர். பணம் கொடுத்தவர். அடிக்கல் நாட்டிய கலெக்டர். வரைபடம் போட்ட எஞ்சினியர். கீழே சின்ன எழுத்தில் கொத்தனாரின் பேர்கூட இருக்கிறது. மரம் கொண்டுவந்தவர்களின் பேர் இல்லை.

நான் அங்கே சேர்ந்து மூன்று வருஷமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். எனக்கும் தோன்றவில்லை.

*

விழா மலருக்குக் கட்டடத்தின் வரலாற்றை எழுதச் சொன்னார் ஹெட்மாஸ்டர். "நீங்கதாம்மா எம்.ஏ. ஹிஸ்டரி. பத்துப் பக்கம் போதும். நல்லபடியா எழுதுங்க." நல்லபடியா என்றால் என்ன என்று பிறகுதான் தெரிந்தது.

விழாக் கமிட்டியின் தலைவர், பலகையில் பணம் கொடுத்தவர் என்று இருப்பவரின் பேரன். நல்ல மனிதர்தான். நான் போனால் காபி வரவழைப்பார். உத்திரம் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பர்மாத் தேக்கும்மா. எங்க தாத்தா ரங்கூன்ல யாவாரம் பண்ணவரு. கப்பல்ல ஏத்தி மெட்ராஸ் கொண்டாந்து, அங்கேர்ந்து ரயில்ல இறக்கினாரு. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

பிறகு கூரையைப் பிரித்தார்கள். பல வருஷம் மழைத் தண்ணீர் இறங்கி, மூன்று உத்திரங்களின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போயிருந்தது. அவற்றைக் கயிறு கட்டி முற்றத்தில் இறக்கிப் போட்டார்கள். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இங்க வாங்க. தேக்குன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"தலைவர்."

"அவரு தாத்தா சொல்லியிருப்பாரு. இது வேங்கை. பாருங்க, தண்ணி பட்ட எடமெல்லாம் சுவத்துல செவப்பா ஒழுகியிருக்கு. வெத்தல போட்டுத் துப்புன மாதிரி. தேக்கு இப்பிடி ஒழுகாது."

நான் சுவரைப் பார்க்கவில்லை. உத்திரத்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடம் எழுந்த நாளிலிருந்து ஒரு முழ நீளம் சுவருக்குள் புதைந்து, யார் கண்ணிலும் படாமல் இருந்த முனை. சுண்ணாம்பைச் சுரண்டினேன். கோடாலியால் வெட்டிய சாய்ந்த வெட்டு இரண்டு. கீழே குறுக்காக ஒன்று.

நம்ம ஏர்க்காலில் இருக்கிற அதே வெட்டு. நம்ம புளியமரத்தின் அடியில் இருக்கிற அதே வெட்டு.

ஜவ்வாது மலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறி உண்டு. காட்டில் தேனடையைக் கண்டவன் அந்த மரத்தில் தன் ஊர்க் குறியை வெட்டிவிட்டு வந்தால் போதும். வேறு ஊர்க்காரன் வந்து பார்த்தால் குறியைத் தடவிவிட்டுப் போய்விடுவான். காவல் வேண்டாம், எழுத்து வேண்டாம்.

மரம் இழுத்த கதையைச் சொன்னது நீதான் நைனா. உனக்கு ஞாபகமிருக்கிறதா? லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு என்னைக் கொண்டுவிட ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்கு நடந்தபோதெல்லாம் சொல்வாய். கண்டிராக்டரின் ஆட்கள் வந்து ஊருக்கு இத்தனை பேர் என்று பிடித்துப் போவார்கள். மாடு இறங்காத சரிவில் மனுஷனைக் கட்டி இழுக்க விடுவார்கள். பல ஊர் மரமும் அடிவாரத்தில், சந்தவாசல் பக்கம், ஒன்றாகக் குவியும். எந்த ஊர் தன் மரத்தை இறக்கிவிட்டது என்று தெரிய முனையில் குறி. குறி இருந்தால் அந்த ஊரை விட்டுவிடுவார்கள், அடுத்த தடவை வரை.

"எங்க தாத்தா ஒத்தக் காலோடதான் என்னத் தூக்கிக்கினு திரிஞ்சாரு. இன்னொரு காலு மரத்துக்கு அடியில பூடுச்சி. எந்த ஊர்ல எவன் வூடு கட்னானோ, மகராசன் காலு நீட்டித் தூங்கட்டும்" என்பாய். சொல்லிவிட்டுச் சிரிப்பாய்.

முற்றத்தில் உட்கார்ந்து அந்த வெட்டைத் தடவிப் பார்த்தபோது நினைத்தேன்: நைனா, அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

*

கமிட்டியில் சொன்னேன். தலைவர் கோபப்படவே இல்லை. "வேங்கைன்னா இன்னாம்மா இப்போ? பர்மாவுல வேங்கை மொளைக்காதா?" சிரித்தார்கள். "அந்தக் கீறலு ஆசாரி போட்டதா இருக்கும். ஒண்ணாம் நம்பர் உத்திரம், ரெண்டாம் நம்பர் உத்திரம்."

மூன்றிலும் ஒரே குறிதான் இருக்கிறது என்றேன். இது எங்கள் ஊர்க் குறி என்றேன்.

"உங்க ஊரா?" என்று தலைவர் என்னைப் புதிதாகப் பார்த்தார். "நீங்க திருவண்ணாமலைன்னு இல்ல நெனச்சேன்."

ஹெட்மாஸ்டர் நடுவில் புகுந்தார். "பெரியவங்க யாராச்சும் வந்து, ஆமா, எங்க குறிதான்னு சொன்னா ஒரு பத்தி சேத்துக்கலாம். வாய்மொழி ஆதாரம். இன்னா சொல்றீங்க?"

எல்லோரும் சரி என்றார்கள். பலகையில் ஒரு வரி கூட்டலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். ஒரு பத்தி. ஒரு வரி. அதற்காக நான் மலைக்கு வந்தேன்.

"நைனா, வேலூருக்கு வா. ஒரு மரத்தப் பாக்கணும்."

"இன்னா மரம்?"

"வெட்டுன மரம். குறி போட்டது. நம்ம குறி."

நீ கூரைக்குப் புல்லைக் கட்டிக்கொண்டிருந்தாய். கட்டை அப்படியே வைத்தாய். "யாரு கூப்புடறாங்க?"

"பெரிய மனுஷங்கதான். நீ வந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

இப்போது எழுதும்போது எனக்கே கேட்கிறது. வெட்டின மரம். நம்ம குறி. பெரிய மனுஷங்க. ஆமான்னு சொல்லு. ஒரு மகள் அப்பனிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளா இவை? நீ ஏன் அப்போதே வர மாட்டேன் என்று சொல்லவில்லை?

பஸ்ஸில் கேட்டேன். "நீ வேலூரு பாத்ததில்ல, இல்ல?" "இல்ல பாப்பா" என்றாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கூட்டத்தில் எனக்கு முன்னால் நீ சரியான பக்கம் திரும்பினாய். நாலு அடி போய், நின்று, எனக்குப் பின்னால் வந்துகொண்டாய். அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

*

முற்றத்தில் உத்திரம் கிடந்தது. தலைவர், ஹெட்மாஸ்டர், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், சுற்றி நின்றார்கள். காக்கிச் சட்டை போட்ட பியூன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். நீ உட்காரவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குக் கீழேயே நின்றாய். ஹெட்மாஸ்டர் ஒரு நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"பெரியவரே, உங்க பேரு?"

சொன்னாய்.

"ஊரு?"

என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். சொன்னாய்.

தலைவர் பிரியமாகத்தான் கேட்டார். "வெட்டு இருக்குது பாருங்க. இது உங்க ஊருதா?"

நீ குனிந்து பார்க்கக்கூட இல்லை. "இல்லிங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லிங்க சாமி. எங்க ஊர்ல இந்த மாதிரி வெட்டறது இல்லிங்க."

"நைனா!" என்றேன் நான்.

"எங்க ஊர்ல மரத்தயே தொட மாட்டோங்க. பாப்பா சின்னதுலயே படிக்கக் கீழ வந்துடுச்சிங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

கமிட்டிக்காரர்களில் ஒருவர் இருமிக்கொண்டே சிரித்தார். தலைவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா டீச்சர், நீங்க கொண்டாந்த சாட்சியே பல்டி அடிச்சிட்டாரே?" பிறகு உன்னிடம், "பரவால்ல பெரியவரே. காபி சாப்ட்டுப் போங்க."

ஹெட்மாஸ்டர் நோட்டில் எழுதியதைப் பிறகு பார்த்தேன். உன் பேர், ஊர், அதற்கு எதிரே: ‘தெரியாது என்கிறார்.’ நீ தெரியாது என்று சொல்லவில்லை. இல்லை என்றாய். அதைக்கூட அவர்கள் சரியாக எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் பேசியது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். பொய் சொன்னாய் என்றேன். உன் தாத்தாவின் காலைப் பற்றி வழியெல்லாம் கதை சொல்லத் தெரிகிறது, நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லையா என்றேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ சொன்னது இரண்டே வார்த்தை. "டீ குடிக்கிறியா?"

வேண்டாம் என்றேன். உன்னை ஏற்றிவிட்டு, பஸ் நகரும் முன்பே திரும்பி நடந்தேன்.

அது ஆனி மாதம். ஆடிக்கு நான் ஊருக்கு வரவில்லை. ஆவணியில் வரவில்லை. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. தந்தி வந்து, நான் கிளம்பி, பாதி வழி நடந்து மேலே வந்தபோது உன்னைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

*

இங்கே நடந்ததையும் கேட்டுக்கொள்.

நீ ‘இல்லிங்க’ என்று சொன்னதும் உத்திர முனைகளுக்கு மதிப்புப் போய்விட்டது. உளுத்த பாகத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு இரும்புப் பட்டை அடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். அறுத்த துண்டுகள் மதியச் சாப்பாட்டு அடுப்புக்குப் போயின. சமைக்கிற அம்மா சொன்னாள்: "நல்லா நின்னு எரிஞ்சிச்சி டீச்சர்." மற்ற இருபத்தொன்றின் முனையும் சுவருக்குள் இருக்கிறது. அவற்றை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

குறியின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம் ஒன்று மட்டும் என்னிடம் மிஞ்சியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். வளைவுகளைப் பற்றி, வண்ணக் கண்ணாடியைப் பற்றி, செங்கல் அளவைப் பற்றி. உத்திரம் வந்த இடத்தில், ‘பர்மாவிலிருந்து தருவிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதினேன். யாரால் சொல்லப்படுகிறது? அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தானே யூனிவர்சிட்டியில் எனக்கு இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் மேலிருந்த கோபத்தில் எழுதினேன். நீயே இல்லை என்றுவிட்டாய், எனக்கென்ன என்று.

போன வாரம் புரூஃப் வந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தேன்.

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வந்தேன். போன காற்றில் பறந்த கூரை இன்னும் பறந்தபடிதான் இருக்கிறது. நாலு சுவர், ஒரு கரும்பலகை, அதன் மேல் ஆகாயம். வாத்தியார் பஸ் வந்தால் வருவாராம். இருபத்துநாலு உத்திரம் இறக்கிய மலை நைனா இது. ஒன்று. ஒன்றே ஒன்றுகூட இங்கே நிற்கவில்லை.

வீட்டில் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பென்சில் படத்தை அவள் முன்னால் விரித்தேன். முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"மொதல்ல அத்த மடி."

"இது நம்ம குறிதானேம்மா?"

"மடிடி, சொல்றேன்ல. பாரஸ்ட் கார்டு வர்ற நேரம்."

மடித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் ஒருத்தரும் எனக்குச் சொல்லாததை.

"நீ அப்ப தூளில கெடந்த. ஓடையாண்ட ரெண்டு மரம் வெட்டிக் கெடந்துச்சி. எவன் வெட்னானோ, நம்ம குறியப் போட்டு வச்சிட்டுப் பூட்டான். கார்டுங்க வந்து ஊரயே நிக்க வச்சாங்க. இது யாரு குறின்னாங்க. ஊரே வாய மூடிக்கினு நின்னுச்சி. உங்க நைனாதான் முன்னால போயி, எங்க ஊர்க் குறிங்கன்னாரு. குறியக் கேட்டாங்க, குறியச் சொன்னாரு. வெட்னது யாருன்னு அவங்க கேக்கவே இல்ல. பேரு இன்னா, ஊரு இன்னான்னு நோட்டுல எழுதிக்கினாங்க. கையக் கட்டி இட்டுக்கினு பூட்டாங்க."

"எங்க?"

"அடிவாரத்துல ரெண்டு நாளு. அப்புறம் வேலூரு. ஒம்போது மாசம். அவரு திரும்பி வந்தப்ப நீ நடக்க ஆரம்பிச்சிட்ட. யாரோ ஆளுன்னு பயந்து அழுத."

மடித்த தாளை மறுபடி பாதியாக மடித்தேன்.

"ஒரு வாட்டி ஆமான்னதுக்கு ஒம்போது மாசம். ரெண்டாவது வாட்டி சொல்லுவாரா? எம்.ஏ. வரைக்கும் படிச்சியே, எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"அன்னிக்கித் திரும்பி வந்து இன்னாம்மா சொன்னாரு?"

அம்மா மறுபடி முறத்தை எடுத்தாள். "சந்தோசமாத்தான் வந்தாரு. ‘பாப்பா மேல மரக் கேசு போடப் பாத்தானுங்க. கெட்டிக்காரத்தனமா இல்லன்னுட்டேன். தப்பிச்சிக்கிச்சி’ன்னாரு. உனக்குக் கோவம்னும் சொன்னாரு. கோவம் போனா வரும்னாரு."

*

நைனா, நான் எல்லாவற்றையும் அப்படியே அமைத்துக் கொடுத்திருக்கிறேன். தரையில் வெட்டின மரம். சுற்றி நின்ற ஆட்கள். காக்கிச் சட்டை. திறந்த நோட்டு. பேர் என்ன, ஊர் என்ன. ஒரு பொருள்கூடக் குறையவில்லை. அதன் நடுவில் உன்னை நிறுத்தி உண்மையைச் சொல் என்றேன்.

நீ என்னைக் காப்பாற்றினாய். நான் உன்னைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டினேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனாலும் உன் மேல் கோபம் போகவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஆறு வயதில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, உன் தாத்தாவின் காலைப் பற்றி அத்தனை தடவை சொன்னாயே, உன் ஒன்பது மாசத்தைப் பற்றி ஒரு தடவை சொல்லக் கூடாதா? படித்த பெண்ணுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தாயா? அப்படி நினைக்கும்படி நான் எப்போதாவது நடந்துகொண்டேனா?

நடந்துகொண்டிருப்பேன். கமிட்டித் தலைவர் என்னைத் திருவண்ணாமலைக்காரி என்று நினைத்திருந்தார். மூன்று வருஷமாக நான் அதைத் திருத்தவில்லை.

அவர்கள் மேல் இருக்கும் கோபம் வேறு. அது சுத்தமாக இருக்கிறது. ஒரு மலையை ஆளைக் கட்டி இறக்கிக் கட்டடம் கட்டினார்கள். பிறகு அதே மலையில் ஒரு மரம் கிடந்தால் அங்கே பிறந்தவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். பிறகு அதே ஆளை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, இது உன்னுடையதா என்று கேட்டார்கள். அவன் இல்லை என்றதும் சிரித்தார்கள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. காபிகூட வாங்கிக்கொடுத்தார்.

புரூஃபில் அந்த வரியை அடித்துவிட்டேன். ஓரத்தில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

‘ஹாலின் இருபத்துநான்கு உத்திரங்களும் வேங்கை. அவை ஜவ்வாது மலையிலிருந்து, கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட மலை ஊர்க்காரர்களால் இழுத்து இறக்கப்பட்டவை. கழற்றப்பட்ட மூன்றின் முனையிலும் அவர்களில் ஓர் ஊரின் குறி இருந்தது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை வரவழைத்து, பலர் முன்னிலையில் குறியைக் காட்டிக் கேட்டபோது அவர் இல்லை என்றார். இதற்கு முன்பு ஒருமுறை ஆமாம் என்று சொன்னதற்காக அவர் ஒன்பது மாதம் சிறையில் இருந்தவர். அவர் சொன்ன அந்த ‘இல்லை’யும் இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் சேரும்.’

அவ்வளவுதான். அழகாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

இதைப் போடுவார்களா என்று தெரியாது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மாவுக்குப் பயம். "அவரு பேர எழுதாதடி, கேசு திரும்ப வரும்" என்றாள். செத்தவர் மேல் யார் கேஸ் போடுவார்கள் என்றேன். "உன் மேல போடுவாங்க" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம்ம ஆட்கள் ஒருவரையும் நாலு பேர் முன்னால் நிறுத்தி ஆமாம் சொல்லு என்று கூப்பிட மாட்டேன். சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். எங்கே கேட்டாலும், யார் கேட்டாலும்.

கோபம் போனால் நான் வருவேன் என்று சொன்னாயாம். போகாமலே வந்தேன் நைனா.

நீ பெற்று, நீ காப்பாற்றிய மகள்
பூங்காவனம்

*

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கி, நேராகப் பள்ளிக்கூடம் போய்ப் புரூஃபை ஹெட்மாஸ்டரின் மேசையில் வைத்தேன். ஒட்டியிருந்த தாளை இரண்டு தடவை படித்தார். இதற்கெல்லாம் யார் சாட்சி என்று கேட்டார். நான் என்றேன். அன்று உன் பேரை எழுதிய அதே நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். என் பேரையும், உன் பேரையும், ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.